பட்டப்பகலில் ஒரு திகில் படம்

வீடு,
ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து வந்து போகிறது, கோபம் மட்டும் போவதே இல்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் போன் தண்ணீரில் விழுந்து செத்ததிலிருந்து உன் குரலைக் கேட்கவில்லை. கடை முகவரிக்குக் கடிதம் போடு என்று நீ சொல்லி அனுப்பியபோது சிரித்தேன். எழுத உட்கார்ந்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் ஆளுக்கு ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம், திகில் படம். இந்த மாதிரிப் படங்கள் எல்லாமே போகிற ஒரு பாதை இருக்கிறதல்லவா, அதில் எதுவரை போனேன், எங்கே மீறினேன் என்று கட்டுரையும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

என் கதை இதுதான். இரவு, மழை, ஊருக்கு வெளியே ஒரு பங்களா, தனியாக ஒரு பெண். கரண்ட் போகிறது. போனில் சிக்னல் இல்லை. முகமூடி போட்ட ஒருவன் ஜன்னலை உடைத்துக்கொண்டு வருகிறான். அவள் மாடிக்கு ஓடுகிறாள். அவன் துரத்திப் பிடித்துக் கழுத்தை அறுக்கிறான். ரத்தம் சுவரில் தெறித்துப் படிப்படியாக இறங்குகிறது. முகமூடியைக் கழற்றினால் அவளுடைய காதலன். அதுதான் என் மீறல். ரத்தத்துக்குச் சோளமாவும் சிவப்புச் சாயமும் கரைத்துக் குளியலறைச் சுவரில் அடித்துப் பார்த்தேன், அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சின்ன வயதில் திகில் படம் பார்க்கும்போது அடுத்து யார் சாவார் என்று முன்கூட்டியே சொல்லி என் உயிரை எடுப்பாயே, இப்போது கொஞ்சம் உதவி செய். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தொல்லை,
தங்கை

*

கண்ணாடிக் கடை,
ஜனவரி 19

என் செல்லப் பிசாசுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். அம்மாவின் கோபம் குறையாமல் இருப்பது கேட்டு நிம்மதி, அது குறைந்தால்தான் பயப்பட வேண்டும். போன வாரம் என் மூக்குக்கண்ணாடி மறுபடியும் உடைந்தது, அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டேன். கண்ணாடிக் கடையில் வேலை செய்வதில் இது ஒரு வசதி. முதலாளியம்மா பழைய ஃப்ரேம் ஒன்றைக் கொடுத்தார், லென்ஸை நானே தேய்த்து மாட்டிக்கொண்டேன்.

உன் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பயம் வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. துரத்துகிறவனுக்குப் பயந்து எவளாவது மாடிக்கு ஓடுவாளா? அங்கே போய் என்ன, வடாமா காயப்போடப் போகிறாள்? முகமூடி எதற்கு? முகத்தை மறைக்கிறவன் யாருக்கோ பயப்படுகிறான். யாருக்கும் பயப்படாதவனைக் காட்டு.

பகலில் எடு. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நல்ல வெயில். எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டிருக்கட்டும். அவளிடம் அவன் நின்று நாலு வார்த்தை சிரித்துப் பேசிவிட்டு உள்ளே வரட்டும். கதவைத் தாழ் போட வேண்டாம். மேஜைமேல் இருக்கும் கண்ணாடி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்கட்டும். நல்ல டம்ளர்கள், உடைந்துவிடக் கூடாதே. பிறகு டிவி சத்தத்தைக் கூட்டட்டும். அதற்குமேல் பின்னணி இசை ஒன்றும் தேவையில்லை. சமையலறையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். டிவி சத்தம் ஏற ஏற அவள் கை நின்றுபோவதைக் காட்டு. பார்க்கிறவன் கொட்டாவி விட்டால் என்னைக் கேள்.

அம்மாவை அதிகம் படுத்தாதே. சுவரை நீயே கழுவு.

அன்புடன்,
அக்கா

*

வீடு,
பிப்ரவரி 2

அன்பு அக்கா,

நலம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். சுவரைக் கழுவிவிட்டேன், கறை போகவில்லை.

உன் கடிதத்தை அப்படியே வகுப்பில் படித்துக் காட்டினேன். எங்கள் ஆசிரியர் யாரையும் லேசில் பாராட்டாதவர். டம்ளர் எடுத்து வைக்கிற இடத்தில் எழுந்து நின்றுவிட்டார். எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டார். என் அக்காவின் கற்பனை என்றேன். மார்தட்டிக்கொண்டுதான் சொன்னேன். இரவு, மழை, பங்களா, முகமூடி எல்லாவற்றையும் அன்றே தூக்கிக் குப்பையில் போட்டேன்.

நடிக்க ஆள் கிடைத்துவிட்டது. அவளாக என் வகுப்பு நெட்டை, அவனாகப் பூனை என்று நாங்கள் கூப்பிடும் ஒருவன். பூனை நிஜத்தில் கொசுவைக்கூட அடிக்க யோசிப்பான்.

இப்போது சந்தேகங்கள். ஆயுதம் இல்லாமல் திகில் படமா என்கிறார் ஆசிரியர். கத்தியா, சுத்தியலா? அவள் எந்த இடத்தில் கத்த வேண்டும்? இந்த மாதிரிப் படங்களில் கடைசியில் ஒருத்தி எப்படியாவது தப்பித்துவிடுவாள், இவள் தப்பிப்பாளா? முடிவு என்ன? சீக்கிரம் எழுது. நீ இந்தக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டு காலத்தை வீணடிக்கிறாய், சினிமாவுக்கு வந்திருக்க வேண்டியவள்.

உன் ரசிகை,
தங்கை

*

கண்ணாடிக் கடை,
மார்ச் 1

அன்புள்ள தங்கைக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. எழுத்து கோழி கிளறினது போலிருக்கிறதே என்று பார்க்காதே, வலது மணிக்கட்டில் கட்டு. தேய்க்கிற இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. முதலாளியம்மா இயந்திரத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். மற்றபடி நலம்.

உன் சந்தேகங்களுக்கு வருகிறேன். கத்தி வேண்டாம். கத்தி எடுத்தவன் அதைக் கழுவ வேண்டும், ஒளித்து வைக்க வேண்டும். வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. கதவு இருக்கிறது, விரல்கள் இடுக்கில் இருக்கும்போதே சாத்தலாம். அவளுடைய தலைமுடி இருக்கிறது, கையில் ஒரு சுற்றுச் சுற்றினால் பிடி நழுவாது. சுவர் இருக்கிறது. துணி தேய்க்கும் பெட்டி சூடாகவே இருக்கிறது. முகத்தைத் தொட மாட்டான். அந்த முகம் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். சில நாள் மறந்துவிடுவான், அவ்வளவுதான்.

அவள் கத்த மாட்டாள். கத்தினால் எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்கும், பிறகு அவள் முகத்தில் எப்படி விழிப்பது? டிவி சத்தம் ஏறியதும் அவள் செய்யும் முதல் காரியம் அடுப்பை அணைப்பது. பால் பொங்கி வழிந்தால் அதற்கும் சேர்த்து விழும்.

முடிந்ததும் அவனே ஐஸ் எடுத்துவந்து துணியில் சுற்றி வைப்பான். "ஏன் என்னை இப்படிப் பண்ண வைக்கிற?" என்று கேட்பான். அப்போது அவன் கண் கலங்கியிருக்க வேண்டும். நடிப்பு அழுகை இல்லை, நிஜமாகவே அழ வேண்டும். படத்திலேயே பயங்கரமான இடம் அதுதான். பூனையிடம் சொல், அடிப்பதைவிட அழுவதை நன்றாகப் பழகிக்கொள்ளட்டும்.

முடிவு கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

அக்கா

*

வீடு,
மார்ச் 20

அன்பு அக்கா,

கை ஆறிவிட்டதா? அந்த இயந்திரத்தை மாற்றச் சொல். இங்கே அம்மாவும் நானும் நலம். உன் கை விஷயத்தைச் சொன்னதும் அம்மா பாத்திரம் கழுவப் போய்விட்டாள், வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

படப்பிடிப்பு முடிந்தது. நம் வீட்டிலேயே எடுத்தோம். கதவில் விரலை நசுக்குகிற காட்சியில் ஒரு விபரீதம். நெட்டை கையை இழுப்பதற்குள் பூனை கதவை நிஜமாகவே சாத்திவிட்டான். நகம் பெயர்ந்து கதவிலேயே ஒட்டிக்கொண்டது. நாங்கள் கலந்து வைத்த ரத்தம் எவ்வளவு பொய்யான நிறம் என்று அப்போதுதான் தெரிந்தது, நிஜ ரத்தம் கறுப்பாக இருக்கிறது. நீ எழுதியது எவ்வளவு சரி தெரியுமா, அவளிடமிருந்து முதலில் சத்தமே வரவில்லை. வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. பூனை அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். எங்களுக்குத் தேவையான அழுகை. நான் கேமராவை நிறுத்தவில்லை. என்னை ராட்சசி என்கிறார்கள், ஆனால் காட்சி அபாரமாக வந்திருக்கிறது.

நீ முடிவை அனுப்பவில்லை, அதனால் நானே ஒன்று வைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தபின் அவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே வாசல் கதவு திறந்தே கிடக்கிறது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், எழுந்திருக்கவில்லை. அத்தோடு படம் முடிகிறது. தப்பிப்பவளும் இல்லை, சாகிறவளும் இல்லை. அவள் ஏன் ஓடவில்லை என்று வகுப்பில் பெரிய சண்டை. எனக்கே பதில் தெரியவில்லை, ஆனால் பார்க்க நன்றாக இருக்கிறது.

நீ எப்படித்தான் இதையெல்லாம் யோசிக்கிறாயோ.

தங்கை

*

கண்ணாடிக் கடை,
ஏப்ரல் 3

அன்புள்ள தங்கைக்கு,

கை பரவாயில்லை. நீ நலமாக இருப்பாய், ராட்சசிகளுக்கு ஒன்றும் ஆகாது.

பூனை அழுததை எழுதினாய். அந்தப் பெண்ணின் விரலுக்கு யார் துணி சுற்றினார்கள் என்று எழுதவில்லை. அவளிடம் சொல், விரலைக் கொஞ்ச நாள் தூக்கியே வைத்திருக்கட்டும், தொங்கவிட்டால் துடிக்கும். புது நகம் முதலில் கோணலாகத்தான் வளரும். சோறு பிசையும்போது எரியும், ஸ்பூனில் சாப்பிடட்டும்.

உன் முடிவு நன்றாக இருக்கிறது. அவள் ஏன் எழுந்து போகவில்லை என்று யாராவது கேட்டால், திறந்த கதவுக்கு வெளியே அவளுக்கு யார் காத்திருக்கிறார்கள் என்று திருப்பிக் கேள்.

ஒரே ஒரு வேண்டுகோள். படம் உன் வகுப்போடு நிற்கட்டும். சொந்தக்காரர்கள் யாருக்கும் அனுப்பாதே. அத்தானுக்கு முக்கியமாக வேண்டாம். அவருக்கு இந்த மாதிரிப் படங்கள் பிடிக்காது. மறந்துவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அக்கா

*

வீடு,
ஏப்ரல் 4

அன்பு அக்கா,

உன் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். எல்லாரும் நலம், நான் தரையில் நடக்கவில்லை.

இன்று கல்லூரி அரங்கில் படத்தைப் போட்டார்கள். டிவி சத்தம் ஏறிய இடத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பேராசிரியை ஒருவர் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார், திரும்பி வரவே இல்லை. அவ்வளவு பயம். முடிவில் திரையில் பெரிதாக ஒரு வரி வரும்: "கதை: என் அக்கா". இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவும் உனக்குத்தான்.

நீ எப்படிப் பார்ப்பாய் என்று யோசித்தேன். உன்னிடம்தான் போன் இல்லையே. அதனால் படத்தை அத்தானுக்கு அனுப்பிவிட்டேன், அக்கா எழுதிய கதை, இருவரும் சேர்ந்து பாருங்கள் என்று. அவர் உடனே பதில் போட்டார். "ரொம்ப நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை உங்க அக்காவோட உக்காந்து பாக்கறேன்." எனக்கு ஒரே சந்தோஷம். அத்தானைப் போல ஒரு மனிதர் கிடைக்க நீ கொடுத்துவைத்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு மறக்காமல் எழுது.

உன் இயக்குநர்,
தங்கை

*

வீடு,
ஏப்ரல் 29

அக்கா,

நலமா என்று உன்னை எந்த வாயால் கேட்பேன்.

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பேச முடியவில்லை. உன் தாடையில் கம்பி கட்டியிருந்தது, எனக்கு வாய் கட்டிப்போயிருந்தது. நீ சீட்டில் 'நீ போ' என்று எழுதிக் காட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அதனால் வந்துவிட்டேன். நீ கேட்காததை எல்லாம் எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

உன் கடிதம் எனக்கு, படம் பார்ப்பதாக அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமைதான் வந்தது. 'அத்தானுக்கு முக்கியமாக வேண்டாம்' என்ற வரியைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு நெட்டை நினைவுக்கு வந்தாள். புது நகம் கோணலாக வளரும் என்று உனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி வந்ததும் மற்ற எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. உடைந்த கண்ணாடிகள், மணிக்கட்டு, தண்ணீரில் விழுந்த போன். அத்தானுக்குப் போன் போட்டேன். அமைதியாக எடுத்தார். "அவ தூங்கறாம்மா. படம் பாத்தோம். பிரமாதம்," என்றார். பின்னால் டிவி அலறிக்கொண்டிருந்தது.

கடைக்குப் போன் போட்டேன். நீ வரவில்லை என்றார் முதலாளியம்மா. நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார். பக்கத்துக் கடை ஆட்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு அவர் உன் வீட்டுக்குப் போனது, உன்னைப் போர்வையில் வைத்துத் தூக்கி வந்தது எல்லாம் உனக்கே தெரியும். தெரியுமா, மயக்கத்தில் இருந்தாயா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் கேட்டேன். "எனக்குத் தெரியும்டி. அவதான் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா," என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

அத்தான் ஜாமீனில் வந்துவிட்டார். நீ படிக்கட்டில் விழுந்தாய் என்று சொல்கிறார். போலீஸிடம் என் படத்தைப் போட்டுக் காட்டினாராம். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேந்து எழுதின கதை சார். அதுல வர்றதை எல்லாம் என் தலையில கட்டறாங்க." ஆதாரம் என்று அந்தக் கடைசி வரியைக் காட்டினாராம். அங்கிருந்த ஒருவர் படம் நன்றாக இருக்கிறது என்று சொன்னாராம், அதையும் என்னிடம் சொன்னார்கள்.

கல்லூரியில் கட்டுரை கேட்கிறார்கள். எந்தப் பாதையில் போனேன், எங்கே மீறினேன். பேனாவை எடுத்து எடுத்துத் திரும்ப மூடி வைக்கிறேன். என்னை மன்னிப்பாயா?

தங்கை

*

முதலாளியம்மா வீடு,
ஜூன் 2

அன்புள்ள தங்கைக்கு,

கம்பியைப் போன வாரம் எடுத்துவிட்டார்கள். கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு வந்திருக்கிறேன். பேசினால் இடது பக்கம் இழுக்கிறது. மற்றபடி உயிரோடு இருக்கிறேன், இதையும் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை உனக்குச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் கதை என்று சொல்லி எதையும் எழுதமாட்டேன்.

அவன் தேநீர் போட்டுக் கொடுத்தான். போனை டிவியில் இணைத்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டான். பூனை டம்ளர்களை எடுத்து வைத்தபோது சிரித்தான். கடைசி வரி வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான். பிறகு, "என்னை ஊருக்கே படம் காட்டறியா?" என்று கேட்டான். இல்லை, தங்கை சின்னப் பெண், ஏதோ கற்பனை செய்திருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் விலாவில் இரண்டு உதையோடு போயிருக்கும். எத்தனையோ முறை அப்படிச் சொல்லித் தப்பித்தவள்தான் நான். அன்றைக்கு ஏனோ வாய் வரவில்லை.

"இன்னும் நிறைய இருக்கு. அஞ்சு நிமிஷத்துல அடங்கல," என்றேன்.

அப்புறம் அவன் எதையும் எடுத்து வைக்கவில்லை, முகத்தையும் விட்டுவைக்கவில்லை. முடியைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினான். தாடை உடைந்த சத்தம் எனக்குக் காதால் கேட்கவில்லை, தலைக்குள்ளேயே கேட்டது. தரையில் என் பல் கிடந்தது. அதை எடுக்கக் கை நீட்டினேன், கையை மிதித்தான். அப்போதுதான் கத்தினேன். அவள் கத்தமாட்டாள் என்று உனக்கு எழுதினேனே, அது தப்பு. இத்தனை வருடம் கத்தாததை எல்லாம் சேர்த்துக் கத்தினேன். தாடை தொங்கும்போது வார்த்தை வராது, வெறும் சத்தம்தான். அது டிவிக்கு மேல் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் எதிர்வீட்டுக்காரி தன் ஜன்னலைச் சாத்தினாள். நான் பார்த்தேன். மறுநாள் முதலாளியம்மா வரும்வரை அங்கேயேதான் கிடந்தேன். மயக்கத்தில் இல்லை.

மன்னிப்பாயா என்று கேட்டிருக்கிறாய். நீ அவனுக்குப் படம் அனுப்பியதற்கு எனக்குக் கோபமில்லை, அது தெரியாமல் செய்தது. என் கோபம் வேறு. கத்தியா சுத்தியலா, எங்கே கத்துவாள், தப்பிப்பாளா என்று அத்தனை கேள்வி கேட்டாய். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் அக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் அந்தக் கேள்விக்காகத்தான் பிரித்தேன். நேராகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கதை என்றால் எழுத முடிந்தது. நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன், நீ கைதட்டினாய். அதனால்தான் ஆஸ்பத்திரியில் உன்னைப் போகச் சொன்னேன். நீ போனபின் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டுரையை எழுது. திகில் படத்தில் ஆபத்து எங்கே நிற்கிறது என்பது பார்க்கிறவர்களுக்கு முதலில் தெரியும், மாட்டிக்கொண்டவளுக்குக் கடைசியில்தான் தெரியும். நம் படத்தில் அவளுக்கு முதலிலேயே தெரியும், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. தெரிந்தவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். மீறல் எது என்று கேட்டால் இதை எழுது. மதிப்பெண் போடுகிறார்களா என்று பார்ப்போம்.

வழக்கு இந்த மாதம் பதினெட்டாம் தேதி வருகிறது. உன் கடிதங்களை எல்லாம் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். என் கடிதங்களை நீ கொண்டு வா. அக்காவின் கற்பனை என்று நீ எழுதியதை அவன் தரப்பு வரிவரியாகப் படிக்கும், உன்னைக் கூண்டில் ஏற்றிச் சிரிப்பார்கள். கற்பனை இல்லை, எனக்குத்தான் அப்போது புரியவில்லை என்று நீ எல்லார் முன்பும் சொல்ல வேண்டும். உனக்கு அவமானமாக இருக்கும். சொல்.

அதற்கு முன்னால் நான் பேச வேண்டும். அவன் எதிரே நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தாடை இழுக்கும், வார்த்தை குழறும், நடுவில் நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு இப்போது இருக்கிற பயம் அது ஒன்றுதான். நீ வந்து என் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார். கேட்கச் சகிக்காது. நான் முடிக்கும்வரை எழுந்து போகாதே.

உன்
அக்கா